ஐந்து மணிக்கு வரும் குரல்

அன்பு மகள் நாகிசாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம், அங்கே ஹெல்சிங்கிக் குளிர் உன்னை வாட்டாமல் இருந்தால் எங்களுக்கு அது போதும். தோட்டத்தில் தக்காளிபோலச் சிவந்த காக்கிப் பழங்களை அம்மா தோல்சீவி வெயிலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள், காய்ந்ததும் அனுப்புவாள். நான் எழுத வந்தது, பிள்ளைகளை வீட்டுக்கு அழைக்க மாலை ஐந்து மணிக்கு நம் ஊர் ஒலிபெருக்கியில் வரும், நீ செய்து கொடுத்த ஓசையைப் பற்றி. பழைய ஒலிபெருக்கி மணிக்குத் தூங்கும் குழந்தைகள் அலறும். நீ ஊரார் இருபது பேரை வாய் திறக்காமல் ராகம் இழுக்கச் சொல்லிப் பதிவு செய்து கோத்த பிறகு, பிள்ளைகள் விளையாட்டை விட்டுத் தாமாகவே வீடு திரும்பினார்கள். எல்லாரும் ஓய்ந்தபின் கடைசியில் தனியாக வருமே ஓர் ஆண்குரல், வலை பின்னும் குவாபாரா, அவர் போன மாதம் இறந்ததை எழுதியிருந்தேன். அன்றிலிருந்து அவர் மனைவி நோபு தினமும் ஐந்து மணிக்கு ஒலிபெருக்கிக் கம்பத்தடியில் போய் நின்றார். செண்டாய் நகரத்திலிருந்து மகன் அழைத்துப்போக வந்து, "இந்தக் குளிர்ல ஒத்தையில கெடந்து சாகப் போறியாம்மா?" என்று கத்தியதற்கு, "அப்பா இன்னும் முடிக்கலடா, தினமும் கொஞ்சம் கூட இழுக்கிறார், பாதியில எப்படி வர்றது?" என்றாராம்.

துக்கத்தில் அப்படித் தோன்றும் என்றுதான் நினைத்தேன். வகுப்பில் கொடிக்கம்பத்தின் நிழலைப் பிள்ளைகளைத் தினமும் அளக்கச் சொல்வேனே, கண்ணை மட்டும் நம்பாதே என்று, அதுபோலக் கைக்கடிகாரத்தோடு நானும் போய் நின்றேன். நீ கொடுத்தபோது அந்தக் குரல் எட்டு நொடி. திங்கட்கிழமை பத்து. புதன்கிழமை பதின்மூன்று. ஓசையைப் பதிந்து வைத்த பெட்டியில் கோளாறோ என்று முழுவதையும் அளந்தேன், மற்ற பத்தொன்பது பேரும் ஒரு நொடிகூட மாறவில்லை.

பெட்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நோபு காய்ச்சலோடு மழையில் நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், நேற்று ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் பெட்டியை நிறுத்திவிட்டேன். ஐந்து மணிக்குக் கடல் சத்தம் தவிர ஒன்றுமில்லை. அவர் வழக்கம்போல வந்து நின்று, தலையைச் சாய்த்து, வெகுநேரம் கேட்டார். பிறகு "சரி சரி, போறேன், வெரட்டாதீங்க" என்று சிரித்துக்கொண்டே கம்பத்தைக் குனிந்து வணங்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "வாத்தியாரய்யா, முடிச்சிட்டார்" என்றார். இன்று காலை மகனோடு புறப்பட்டுப் போய்விட்டார். நீ அங்கிருந்து எதையாவது மாற்றினாயா என்று கேட்க நினைத்தேன், ஆனால் பதிவு இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது, உன் கைக்கு எட்டாது என்பது எனக்குத் தெரியும். இன்னும் நான் அதை மறுபடி போடவில்லை.

நீ செய்வதெல்லாம் நாலு பேர் காதுக்கு இதமாக இருக்கட்டும், நன்றாயிரு மகளே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அந்த இருபதில் ஏழாவது குரல் என்னுடையது, அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று செய்து அனுப்பு. அம்மாவிடம் சொன்னேன், "உங்க கரகரப்ப வீட்ல கேக்கறது பத்தாதா, எடுக்கச் சொல்லுங்க" என்று கேலி செய்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி. அந்தக் கம்பத்தடியில் அவளால் அதிக நேரம் நிற்க முடியாது.

உன் அப்பா,
முரகுமோ தெய்ஜி