அரைக்கட்டை கீழே

மார்ச் 4, செவ்வாய்

மறுபதிப்புக் கம்பெனியிலிருந்து பாட்டுகள் வந்துவிட்டன. காலை வேலை எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பாட்டின் முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. பாடகன் நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, தலைவாரிக்கொண்டு வந்து பாடுகிறான். இவன் என் ஆள் இல்லை.

கீபோர்டில் சுரம் வைத்துப் பார்த்தேன். என் காதில் இருப்பதைவிடச் சுருதி சரியாக அரைக்கட்டை மேலே. பாட்டு கொஞ்சம் வேகமாகவும் ஓடுகிறது.

யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

எழுதி வைத்துவிடுகிறேன், பின்னால் சண்டை வந்தால் உதவும். இது அந்த ஐவர் இசைக்குழுவின் மூன்றாவது இசைத்தட்டு. அட்டை சாம்பல் நிறம், அதனால் எங்களுக்கெல்லாம் ‘சாம்பல்’. முதல் இரண்டும் உலகமெல்லாம் கிடைக்கும். இது மட்டும் குழு உடைந்து, வழக்கில் மாட்டி, நாற்பது வருடமாக மறுபதிப்பே இல்லை. இணையத்தில் யாராவது ஏற்றினால் மறுநாளே வக்கீல்கள் இறக்கிவிடுவார்கள். இருபத்தேழு வருடம் முன்பு நான் இதைப் பற்றி ‘அரைக்கட்டை கீழே’ என்று ஒரு கட்டுரை எழுதினேன். டிரம்ஸ் வாசித்தவன் செத்த பிறகு மற்ற நால்வரும் தந்திகளை அரைக்கட்டை இறக்கி, தாளத்தையும் தளர்த்தி, களைத்துப்போன ஒரு காலத்தின் குரலைப் பதிவு செய்தார்கள் என்பது என் வாதம். எனக்குப் பெயர் வந்தது அதனால்தான். கல்லூரிப் பாடத்தில்கூட இருக்கிறது. இப்போது மறுபதிப்போடு வரும் கையேட்டில் அதையே திருத்திச் சேர்க்கப் போகிறார்கள். முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

மார்ச் 5

கம்பெனியின் ஒலிப்பொறியாளரைக் கூப்பிட்டேன். சின்ன வயசுப் பெண், பொறுமையாகப் பேசினாள்.

“மேடம், வேகத்தை நாங்க தொடவே இல்ல. மூல நாடாவுல எப்படி இருக்கோ அப்படியேதான் எடுத்திருக்கோம்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க.”

“உங்ககிட்ட இருக்கிறது எந்தப் பதிப்பு மேடம்?” என்றாள். எதற்குக் கேட்கிறாள்? அவள் வேலை என்னவோ அதைப் பார்க்கட்டும்.

மார்ச் 6

பழைய பாட்டைத் துளி வேகமாக்கினால் பளிச்சென்று கேட்கும், நன்றாக விற்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். எங்கே என்று ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 8, சனி

சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். வழக்கமாக ஒன்று சொன்னால் ஒன்பது கேள்வி கேட்கிற மனுஷன். எடையளவு ஆய்வாளர், ஊரில் உள்ள தராசையெல்லாம் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவர். இன்றைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “விடேன். அரைக்கட்டைதானே, யாரு கவனிக்கப் போறாங்க” என்றார்.

அரைக்கட்டைதானே? என் பிழைப்பே அந்த அரைக்கட்டைதான்.

பிறகு அவரே போய்ப் பாத்திரம் கழுவினார். கழுவி வைத்ததையும் சேர்த்துக் கழுவினார்.

மார்ச் 9

‘அடிக்குறிப்பு’ போன் செய்தான். அவனுக்கு நான் வைத்த பெயர் அது. அடுத்தவர் எழுதியதில் தேதி தப்பு, பக்க எண் தப்பு என்று பொறுக்கி எடுத்து எழுதுவதே அவன் விமர்சனம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். வாய் நிறைய அக்கா என்பான், அதனாலேயே எனக்குப் பயம்.

“அக்கா, ‘சாம்பல்’ பத்தி எழுதினீங்களே, எதுல கேட்டு எழுதினீங்க?”

“அசல் இசைத்தட்டுலதான். வேற எதுல?”

“சரிக்கா” என்று வைத்துவிட்டான்.

பொய் சொன்னேன். அசலை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. அந்தக் காலத்தில் யாரிடம் இருந்தது? கல்லூரிக்கு எதிரே இருந்த ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய கேசட்தான். அதனால் என்ன, பாட்டு பாட்டுதானே.

ஆனால் இவனும் அதே கேள்வி, அந்தப் பெண்ணும் அதே கேள்வி. நான்கு நாள் இடைவெளி. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

கேசட்டைப் போட்டு அந்தப் பெண்ணுக்கே கேட்கக் கொடுத்துவிடலாம் என்று அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினேன். எல்லாம் வரிசையாக இருக்கிறது. ‘சாம்பல்’ இருந்த இடம் மட்டும் காலி.

“இங்க இருந்த கேசட் எங்கங்க?” என்றேன்.

“நான் ஒண்ணும் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகல.”

ஆபீஸ் என்ற பேச்சை யார் எடுத்தது? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருத்தன்.

மார்ச் 12

அவர் குளிக்கப் போனபோது ஆபீஸ் பையைத் திறந்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இப்படிச் செய்ததில்லை. கேசட் இருந்தது. அதோடு அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. இடப்பக்கம் பாட்டின் அசல் நீளம், வலப்பக்கம் கேசட்டில் ஓடும் நேரம். 5:10 — 5:28. 3:40 — 3:53. இப்படிப் பத்துப் பாட்டுக்கும். கீழே இரண்டு கோடு போட்டு, “எல்லாம் ஒரே விகிதம்.”

யாருக்காக இந்தக் கணக்கு? போன மாதம் புத்தக வெளியீட்டில் அடிக்குறிப்பும் இவரும் ஓர் ஓரமாக நின்று சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது இப்போது ஞாபகம் வருகிறது.

பையை மூடி வைத்துவிட்டேன். மகளுக்குப் போன் போட்டுக் கொட்டினேன். “அப்பா பையைத் துழாவுனியா? ஐயே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்மா, நேரா அவர்கிட்டயே கேளு” என்றாள். அவளும் அப்பா கட்சிதான்.

மார்ச் 13, வியாழன்

கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

அந்த ரெக்கார்டிங் கடையில் பதிந்துகொண்டிருந்தது இவர்தான். படிக்கும்போது சாயங்கால வேலை. அங்கேதான் எங்களுக்குப் பழக்கமே. சீட்டில் பாட்டுப் பெயர் எழுதிக் கொடுப்பேன், இவர் பதிந்து தருவார். கடையில் ஒரே ஒரு டர்ன்டேபிள். அதன் ரப்பர் பெல்ட் தொளதொளத்துப் போய் இசைத்தட்டு மெதுவாகச் சுற்றியதாம். முதலாளியிடம் சொன்னதற்கு, “ஓடுதுல்ல, ஓடட்டும்” என்றாராம். அந்தப் பெல்ட் இருந்த ஒரு வருடம் அங்கே பதிந்ததெல்லாம் மெதுவாகத்தான் இருக்கும், அரைக்கட்டை இறங்கித்தான் இருக்கும். முதல் இரண்டு இசைத்தட்டும் மாமா வெளியூரிலிருந்து வாங்கி வந்த கம்பெனிக் கேசட்டில் கேட்டவை. அதனால் ‘சாம்பல்’ மட்டும் எனக்குச் சோர்ந்து கேட்டிருக்கிறது.

தந்தியை யாரும் இறக்கவில்லை. எவனும் களைத்துப்போகவில்லை. ஒரு ரப்பர் பெல்ட்!

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“நீ கட்டுரையைப் படிச்சுக் காட்டின அன்னைக்கே.”

“அச்சாகறதுக்கு முன்னாடியேவா?”

“முன்னாடியே.”

“அப்ப வாய்ல என்ன வச்சிருந்தீங்க?”

“நீ அழுதுக்கிட்டே படிச்சே. நல்லாவும் இருந்துச்சு. பெல்ட் கதையை அப்ப எப்படிச் சொல்றது? அப்புறம் பரிசு வந்துச்சு, பாடத்துல வச்சாங்க. வருஷம் ஆக ஆகச் சொல்லவே முடியல.”

சீட்டு எதற்கு என்றேன். தன் சந்தேகம் தப்பாக இருக்கக் கூடாதா என்று கடைசியாக ஒரு தடவை அளந்து பார்த்தாராம். கேசட்டை எங்காவது தொலைத்துவிடலாமா என்றும் யோசித்தாராம். அதையும் அவரே சொன்னார்.

இருபத்தேழு வருஷம். மேடை மேடையா ஏறி நான் அந்தப் பாட்டுல வர்ற பெருமூச்சப் பத்திப் பேசறேன், இந்த மனுஷன் முதல் வரிசைல உக்காந்து கை தட்டறாரு. ஊர்த் தராசுல ஒரு கிராம் குறைஞ்சா சீல் வைக்கிறவரு, வீட்டுத் தராசு கோணலாத் தொங்கறதப் பாத்துட்டு சும்மா இருந்திருக்காரு. வேற என்னவெல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னாரு? நான் எழுதின பதினோரு புஸ்தகத்துல எத்தனை நிஜமா நல்லா இருந்துச்சு? இனிமே எதை நம்பறது?

மகளின் அறையில் படுக்கையைப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 14

பேசவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அவர் ஒரு வழி சொல்கிறார். “வேற நாட்டுப் பதிப்புல கேட்டேன், அதுல வேகம் அப்படி இருந்துச்சுன்னு ஒரு வரி போட்டுடு. யாராலயும் இல்லன்னு நிரூபிக்க முடியாது.” நல்ல வழிதான். இரண்டு நாளாக எனக்கும் அதே வழிதான் தோன்றிக்கொண்டிருந்தது. அவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அசிங்கமாகத் தெரிகிறது.

மார்ச் 17

அடிக்குறிப்பு எழுதி என்னைக் கிழிப்பதற்கு முன்னால் நானே பேசிவிடலாம் என்று கூப்பிட்டேன்.

“எங்க வீட்டுக்காரர் உன்கிட்ட ஏதாவது சொன்னாரா?”

“அவரா? அன்னைக்கு முழுக்கத் தராசுக் கதைதான்க்கா சொன்னாரு, வயிறு வலிக்கச் சிரிச்சேன். ‘சாம்பல்’ அசல் தட்டு எனக்குப் போன மாசம்தான் கிடைச்சுது. போட்ட உடனே சுருதி இறங்கவே இல்லன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப ஏன் இன்னும் எழுதல?”

“உங்க கட்டுரையைப் படிச்சுட்டுத்தான்க்கா நான் எழுதவே வந்தேன். கேசட்லதான் கேட்டேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சேர்ந்து உக்காந்து ஏதாவது பண்ணியிருக்கலாம். நீங்க அசல்னு சொல்லிட்டீங்க.”

அவரைத் திட்டிய திட்டில் பாதி எனக்கும் பொருந்தும் போலிருக்கிறது. அவர் சொல்லாமல் விட்டார். நான் வாய்கூசாமல் சொன்னேன்.

“எழுதத்தான்க்கா போறேன். உங்களுது முதல்ல வரட்டும்” என்றான்.

மார்ச் 22, சனி

குறிப்பேடு இல்லாமல் புதிய பதிவை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன்.

மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒரு மூச்சு வரும். அதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், “தோற்றுத் திரும்பியவர்களின் பெருமூச்சு” என்று. அது பெருமூச்சே இல்லை. சிரிப்பை அடக்குகிறான். பின்னால் இன்னொருத்தன் சிரித்தேவிட்டான், அதுவும் மெல்லக் கேட்கிறது. நண்பன் செத்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். நின்றால் அழுதுவிடுவோம் என்று நிற்காமல் வாசித்திருக்கிறார்கள்.

பார், மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். நிற்காமல் வாசித்தார்கள் என்பது காதில் விழுகிறது. அழுதுவிடுவோம் என்று பயந்தார்கள் என்பதற்கு உன்னிடம் என்ன ஆதாரம்? களைத்துப்போயிருந்தது யார்? படித்துவிட்டு வேலையில்லாமல், ஊரில் ஆலை ஆலையாக மூடிக்கொண்டிருந்தபோது அந்தக் கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது யார்?

மார்ச் 26

பழைய கட்டுரையைத் திருத்தவில்லை, புதிதாக எழுதுகிறேன். முதல் வரி: “நான் கேட்டது தவறான வேகத்தில்.”

பெல்ட் விவரத்துக்காக அவரோடு பேச வேண்டியிருந்தது. எதிரே உட்கார வைத்துக் கேட்டேன். என்ன மாதிரி இயந்திரம், எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, ஒரு நாளைக்கு எத்தனை கேசட். கூண்டில் நிற்கிற சாட்சி மாதிரி கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கடைசியில், “எனக்குத் தெரிஞ்சிருந்துதுங்கறதையும் எழுதிடு” என்றார். எழுதினேன். ஆபீசில் சிரிப்பார்கள்.

மார்ச் 29

அனுப்பிவிட்டேன். ஒரு நாள் முன்னதாகவே.

ஏப்ரல் 3, வியாழன்

கம்பெனியின் மேலாளர் பேசினார். குரலில் தேன் ஒழுகியது. “அருமையா எழுதியிருக்கீங்க மேடம். ஆனா வாங்கறவங்க முதல் பக்கத்துலயே தப்பு, வேகம், பெல்ட்னு படிச்சா எங்க பதிவையும்ல சந்தேகப்படுவாங்க. பழைய கட்டுரையைக் கொடுங்க, அப்படியே போட்டுக்கலாம்.”

முடியாது என்றேன். என் பக்கங்களுக்குப் பதில் புகைப்படம் போடுகிறார்களாம்.

ஏப்ரல் 27

சிறுபத்திரிகை ஒன்றில் என் கட்டுரை வந்துவிட்டது. அடிக்குறிப்பு எழுதியது அடுத்த பக்கத்தில். தேதி, விகிதம், பதிப்பு எண் எல்லாம் பிசகாமல் வைத்திருக்கிறான். எங்கும் ஏளனம் இல்லை. இருக்கும் என்று இரண்டு தடவை தேடிப் பார்த்தேன்.

மே 15

கல்லூரிப் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வரிக் கடிதம். கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்த இரண்டு இடத்திலிருந்தும் பிறகு சத்தமே இல்லை. சிரித்து எழுதியவர்கள் நிறைய. ஒருவர் மட்டும், “நானும் அதே கடையில்தான் பதிந்தேன். புதிய பதிவைக் கேட்டேன், பிடிக்கவில்லை. யாரோ அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை.

மகளின் அறையிலிருந்து எங்கள் அறைக்கு வந்துவிட்டேன். முதுகுவலி தாங்கவில்லை. அவரிடமும் அதையே காரணமாகச் சொன்னேன்.

ஜூன் 21, சனி

ஐவரின் முதல் இசைத்தட்டைப் பற்றிப் புதிதாக ஒன்று எழுதினேன். வெளியே காட்டப் பயமாக இருந்தது. வேறு ஆள் ஏது, அவருக்கே படித்துக் காட்டினேன்.

முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணாவது பத்தி சுத்த உளறல்” என்றார்.

சுருக்கென்று கோபம் வந்தது. “உங்களுக்கு என்ன தெரியும் இதைப் பத்தி?” என்று கத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மத்தியானம்வரை பேசவில்லை. பிறகு தனியாக உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். உளறல்தான். அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.

திரும்பப் போய் அவர் எதிரே உட்கார்ந்து, “வேற எது?” என்று கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளைக் கையில் வாங்கினார்.