படையலுக்கு வைத்த கம்ப்யூட்டர்

என் பாசமுள்ள, பொல்லாத அம்மாவுக்கு,

நீ நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. நல்லாத்தான் இருப்ப. நாங்கதான் இங்க லோல்படறோம். நீ போய்ச் சேந்து ஒரு வருஷம் ஆயிடுச்சு, உன் பஞ்சாயத்து இன்னும் தீர்ந்த பாடில்ல. நேத்து உனக்கு முதல் வருஷப் படையல் போட்டோம். அந்தக் கூத்தை உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது? இது பேப்பர்ல வந்து ஊரே படிச்சாலும் பரவால்ல, அப்பா படிக்கக் கூடாது. அவர் பேப்பர்ல ராசிபலன் தவிர வேற எதையும் பாக்க மாட்டார்ங்கற தைரியத்துலதான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு கேக்கறேன். உனக்கு மட்டும் ஏம்மா அப்படி ஒரு ஆசை வந்துச்சு? மத்த அம்மாங்க எவர்சில்வர் பாத்திரம் சேத்தாங்க, புடவை சேத்தாங்க. நீ பழைய கம்ப்யூட்டர் சேத்த. வேங்கிக்கால் ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்த, டைப்ரைட்டரை எடுத்துட்டு கம்ப்யூட்டர் வெச்சப்ப முதல்ல கத்துக்கிட்டது நீதான். சரி, பெருமைதான், யார் இல்லன்னா? அதுக்காக ரிட்டயர் ஆனப்புறம் வீட்டையே ரொப்பணுமா? எங்கயாவது பிரௌசிங் சென்டரை மூடறாங்கன்னா உனக்கு மூக்குல வேர்த்துடும். காயலான் கடை பாய் போன் பண்ணாருன்னா, கொதிக்கற குழம்பை எறக்கி வெச்சுட்டு ஆட்டோ புடிப்ப. பாயும் உன்னை வெச்சுக்கினு நல்லா வியாபாரம் பண்ணாரு. எத்தனை வந்தாலும், கறுப்புத் திரையில பச்சைப் பச்சையா எழுத்து வர்ற அந்தப் பழைய பொட்டிதான் உனக்கு உசிரு.

கேட்டா ஒரு பதில் ரெடியா வெச்சிருப்ப. "இதுல இன்னாடி செலவு? நீ எடுக்கற ஒரு பட்டுப்புடவை காசுல நான் நாலு பொட்டி வாங்குவேன். இதைவிடக் கம்மி செலவுல ஒரு பொழுதுபோக்கு காட்டு பாப்போம்"னு என் வாயை அடைச்சுடுவ. என் புடவையைச் சொல்லாம உனக்கு வாதமே வராது.

அதுலயும் காசு குடுக்காம வாங்கினதுதான் ஜாஸ்தி. கீழ்பென்னாத்தூர் மாமா எங்களுக்குன்னு அனுப்பற மல்லாட்டையை, தோலை உரிச்சு வறுத்து நாங்க வாயில வெக்கறதுக்கு முன்னாடி பாதி மூட்டையை யாருக்கோ அளந்து குடுத்து ஒரு மானிட்டர் வாங்கிட்டு வந்தியே, ஞாபகம் இருக்கா? அதை மடியில வெச்சுக்கினு பஸ்ல வந்த. கண்டக்டர், "டிவிக்கு லக்கேஜ் போடணும்மா"ன்னு சொன்னாரு. அவருக்கு லக்கேஜ் காசைக் குடுத்துட்டு எறங்கி வராம, இது டிவி இல்லன்னு பஸ் ஸ்டாண்டு வர்ற வரைக்கும் பாடம் நடத்தின. பக்கத்துல உக்காந்திருந்த எனக்கு மானம் போச்சு.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வர்ற சொந்தக்காரங்க எல்லாம் அடி அண்ணாமலையில நம்ம வீட்டு முன் ரூம்லதான படுப்பாங்க? காலை நீட்டினா சிபியு, தலையைத் தூக்கினா மானிட்டர். அத்தைக்கு ஒரு தடவை நெத்தி வீங்கிப் போய், "டேய், உன் பொண்டாட்டி மனுஷங்க படுக்கற எடத்துல பொட்டிங்களப் படுக்க வெச்சிருக்கா"ன்னு அப்பாகிட்ட சண்டைக்குப் போனாங்க. அப்பாவும் அத்தையோட சேந்துக்கினு உன்னைத் திட்டினாரு. ஆயுசு முழுக்க உன் பொட்டிங்களத் திட்டறதே அவருக்கு வேலையா இருந்துச்சு.

அந்த மனுஷன்தான், நீ போன அடுத்த மாசத்துலேருந்து அதுங்களுக்குக் காவல்காரர். ஒரு ஒயரைத் தொட விடல. நான் வேங்கிக்கால்ல என் வீட்லேருந்து வாரத்துல பாதி நாள் ஓடி வந்து பாத்துட்டுப் போறேன். "அப்பா, தனியா இருக்காதீங்க, எங்களோட வந்துடுங்க"ன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது. உன் மருமகனும் வந்து கூப்ட்டுப் பாத்தாரு. "பொண்ணு குடுத்த எடத்துல போய் உக்காந்து சாப்பிடறதா? ஊர்ல என்னைப் பத்தி இன்னா பேசுவாங்க?"ன்னு ஒரு நாள். "உங்கம்மா பொட்டிங்கள யாரு பாத்துப்பா?"ன்னு இன்னொரு நாள். இவரு பாத்துக்கறாராம்! எந்த ஒயரு எதுல சொருகறதுன்னு தெரியுமா இவருக்கு?

போன மாசம் அந்த ஒயர்லயே கால் தடுக்கி விழுந்துட்டாருமா. சுகர் வேற கம்மியாகி மயக்கம். காலைல பால்காரர் கதவைத் தட்டித் தட்டிப் பாத்து, ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, எனக்குப் போன் பண்ணாரு. நான் வர்ற வரைக்கும் உன் பொட்டிங்களுக்கு நடுவுலதான் கிடந்தாரு. எனக்கு உயிரே இல்ல. அப்பக்கூட, தூக்கி உக்கார வெச்சதும் மொதல்ல கேட்டது, "பச்சை எழுத்து பொட்டி மேல விழலியே?"ன்னுதான். அடிபட்ட மனுஷனை அடிக்கவா முடியும்? பல்லைக் கடிச்சுக்கினு காபி போட்டுக் குடுத்தேன்.

இந்த நெலமையிலதான் படையல் வந்துச்சு. அத்தை, பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் உக்காந்து இன்னா சமைக்கறதுன்னு பேசிட்டிருக்கோம். செத்தவங்களுக்குப் புடிச்சதைத்தான படைப்போம்? கருவாட்டுக் குழம்பு, கேசரி, வடைன்னு நான் சொல்லிக்கினு வரேன், அப்பா குறுக்க வந்தாரு. "அவளுக்குப் புடிச்சது அந்தப் பச்சை எழுத்து பொட்டி. அதைப் படத்துக்கு முன்னாடி வெச்சு ஓட வைங்க. ஓடிச்சுன்னா, இங்கயே இருன்னு அவ எனக்கு உத்தரவு குடுக்கறா. ஓடலன்னா, பொண்ணோட போன்னு சொல்றா. எதுவா இருந்தாலும் நான் கேட்டுக்கறேன்"னு சொன்னாரு.

கோயில்ல பூ போட்டுப் பாப்பாங்களே, அந்த மாதிரி உன் கம்ப்யூட்டர்கிட்ட குறி கேக்கறாரு! அத்தை சிரிப்பாங்கன்னு பாத்தா, "இதுவும் ஒரு விதத்துல சரிதாண்டா"ன்னு தலையாட்டறாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு அங்கயே எழுந்து போயிருப்பேன். மாத்திரை, டாக்டர்னு போற விஷயத்துல, இந்தப் பொட்டியா தீர்ப்பு சொல்லணும்?

இதுல பெரிய கொடுமை இன்னான்னா, அதை ஓட வெக்கத் தெரிஞ்ச ஆளு இந்த வீட்ல நான் ஒருத்திதான். லீவு நாள்ல புடிச்சு உக்கார வெச்சு நீ கத்துக்குடுத்தது. அது ஓடிச்சுன்னா அப்பா தனியா இந்த வீட்லயே கிடப்பாரு, அடுத்த தடவை விழறப்ப பால்காரர் வர்ற வரைக்கும் தாங்குவாரான்னு தெரியாது. ஓடக் கூடாதுன்னு வேண்டிக்கினே நான் அதை ஓட வெக்கணும். ஒரு ஒயரை லூசா விட்டா யாருக்குத் தெரியும்? யோசிக்காம இல்லம்மா. உன் படையல்ல உன் பொட்டியை வெச்சே பொய் சொல்ல மனசு வரல. எல்லா ஒயரையும் ஒழுங்காத்தான் சொருகினேன்.

நேத்து உன் படத்துக்கு முன்னாடி மணை போட்டு பொட்டியை வெச்சோம். வேற யாரையும் கிட்ட விடாம அப்பாவே தொடச்சாரு, அப்பாவே சந்தனம் குழைச்சுப் பொட்டு வெச்சாரு. அத்தை ஃபிளாப்பி போடற எடத்துல சாமந்திப் பூவைச் சொருகப் போனாங்க, நல்ல வேளை நான் பாத்தேன். இலை போட்டு எல்லாம் பரிமாறியாச்சு. கருவாட்டுக் குழம்பு வாசனைக்கு காக்கா எல்லாம் அப்பவே மதில் மேல வந்து உக்காந்துடுச்சு. கற்பூரம் காட்டிட்டு அப்பா, "போடும்மா"ன்னாரு. ஸ்டெபிலைசரைப் போட்டு, சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுத்துச்சு. ஃபிளாப்பி கர்க் கர்க்குன்னுச்சு. அப்புறம் ஒரே ஒரு பீப் சத்தம். ஒரு சத்தம் வந்தா பொட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம், நீ சொன்னதுதான். பாவி மக, போயும் புருஷனை விட மாட்டேங்கறியேன்னு உன் படத்தைப் பாத்து மனசுக்குள்ள கத்தினேன்.

ஆனா திரையில ஒண்ணும் வர்ல. கன்னங்கரேல்னு கிடக்குது.

"இன்னாடி, ஒண்ணும் தெரியலியே?"ன்னு அத்தை எட்டிப் பாத்தாங்க. எழுத்தைக் கூட்டறதுக்கும் கொறைக்கறதுக்கும் திரைக்கு அடியில ஒரு திருகு இருக்குமே, அதைத் தடவினேன். முழுசா கொறைச்சு வெச்சிருந்துச்சு. என் விரல்ல ஈரமா ஏதோ ஒட்டுச்சு. எடுத்துப் பாத்தா சந்தனம்.

பொட்டு மேல வெப்பாங்க, அடியில கையை விட்டு யாராவது வெப்பாங்களா? அந்த வீட்ல நேத்து சந்தனத்தைத் தொட்டது ஒரே ஆளு. அந்தப் பொட்டியில அவருக்குத் தெரிஞ்சதும் அந்த ஒரே திருகுதான். மத்தியானத்துல நீ சோறு போட வராம தட்டிக்கினே இருந்தா, பின்னால வந்து அதைத் திருகி இருட்டாக்கிட்டுப் போவாரு, நீ கத்துவ. நான் திரும்பி அப்பாவைப் பாத்தேன். அவர் என் கையைத்தான் பாத்துட்டிருந்தாரு. யாருக்கும் தெரியாம, வேணாங்கற மாதிரி தலையை லேசா ஆட்டினாரு.

அம்மா, அந்த ஆளுக்கு வரணும்னு ஆசைம்மா! தனியா இருக்கப் பயம்மா இருந்திருக்கு. பொண்ணு வீட்டுக்குப் போறேன்னு அக்காகிட்டயும் தெருவுலயும் தன் வாயால சொல்ல முடியல. நீ அனுப்பினதா இருந்தா கௌரவம் கெடாது, அவ்ளோதான் கணக்கு. வரேன்மான்னு ஒரு வார்த்தை சொன்னா கொறைஞ்சா போயிடுவாரு? ஒரு வருஷமா நான் கெஞ்சினது, அழுதது, சண்டை போட்டது எல்லாம் எதுக்கு? எனக்கு அவரைப் புடிச்சு உலுக்கணும் போலவும் இருந்துச்சு, கட்டிப்புடிச்சு அழணும் போலவும் இருந்துச்சு.

நான் திருகைத் தொடல. ஆனா உன் பொட்டி ஓடிட்டிருக்கு, உனக்குப் படைச்சது அது, அதைச் சும்மா விட முடியுமா? அதோட பேட்டரி எப்பவோ செத்துப் போச்சு. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கறப்பவும் இன்னிக்கு இன்னா தேதின்னு நம்மளைத்தான் கேக்கும். கேட்டிருக்கும்னு தெரியும். பழுது பாக்கற மாதிரி கீபோர்டைத் தட்டி, கண்ணுக்குத் தெரியாத அந்தக் கேள்விக்கு உன் திதி நாளை அடிச்சேன். ஃபிளாப்பி ஒரு தடவை சுத்தி ஏத்துக்கிச்சு.

அப்புறம் என்னையும் அறியாம, அம்மான்னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டரைத் தட்டிட்டேன். எந்த வார்த்தையை அடிச்சாலும் அது டிஸ்க்ல போய்த் தேடும், இருந்தா எடுக்கும், இல்லன்னா இல்லன்னு எழுதிக் காட்டும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும்னு நீ சொல்லுவியே. சிவப்பு லைட்டு எரிஞ்சு கர்க் கர்க்குன்னு தேடுச்சு. அப்புறம் லைட்டு நின்னுடுச்சு. திரை இருட்டாவே இருந்துச்சு.

"சத்தம் வருதே, லைட்டுகூட எரிஞ்சுச்சே?"ன்னாங்க அத்தை.

"கரண்டு வருது அத்தை. அவ்ளோதான்"னு சொல்லிட்டு, அப்பாகிட்ட திரும்பி, "ஓடலப்பா"ன்னேன்.

"நல்லாப் பாத்தியா?" கேக்கறாரும்மா! முகத்தைத் தொங்கப் போட்டுக்கினு கேக்கறாரு!

"நல்லாப் பாத்துட்டேன்பா."

"அக்கா, கேட்டுக்கினியா? அவளே சொல்லிட்டா. நான் இன்னா பண்ண முடியும்?"னு அத்தைகிட்ட கையை விரிச்சாரு. காக்காவுக்குச் சோறு வெச்சு, நாங்க சாப்ட்டு எழுந்து பாத்தா, கதவுக்குப் பின்னால அவர் பை நிக்குது. வேட்டி, சட்டை, மாத்திரை டப்பா எல்லாம் மடிச்சு வெச்சு ஜிப்பும் போட்டாச்சு. அத்தை அதைப் பாக்கறதுக்குள்ள நான் எடுத்து வண்டியில வெச்சேன்.

இப்ப எங்க வீட்லதான் இருக்காரு. வந்து முழுசா ஒரு நாள் ஆவல, அதுக்குள்ள காபில தண்ணி ஜாஸ்தியாம், ஃபேன் சத்தமாம், பொட்டிங்கள எப்ப எடுத்துட்டு வர்றதுன்னு காலைலேருந்து அஞ்சாறு தடவை கேட்டாச்சு. நீ ரெண்டு ரூம்ல வெச்சிருந்ததை எங்க வீட்ல எங்கம்மா வெப்பேன்? என் தலைமேலயா?

சரி, கொண்டு வரேன். ஒண்ணொண்ணா கொண்டு வரேன். ஆனா பச்சை எழுத்து பொட்டி இனிமே அவர் எதிர்ல ஓடக் கூடாது. ஓடிச்சுன்னா திரும்பிப் போகணும்னு வந்து நிக்கும். அதனால அவர் சாயங்காலம் நடக்கப் போறப்ப மட்டும் போடறேன். அந்தத் திருகை நான் பாத்ததை அவர்கிட்ட என்னிக்கும் கேக்க மாட்டேன், அவரும் சொல்ல வேணாம். பொட்டிங்களத் தூசு படாம வெச்சுக்கறேன், அந்த மனுஷனைக் கீழ விழாம பாத்துக்கறேன், இது சத்தியம். திரையை நல்லா வெளிச்சமா வெச்சு, அது தேதி கேட்டா தேதி சொல்றேன். அம்மான்னு மட்டும் இனிமே அடிக்க மாட்டேம்மா. அது எழுதிக் காட்டற பதிலை என்னால படிக்க முடியாது.

எப்பவும் உன்கூடச் சண்டை போடற,
உன் வாயாடிப் பொண்ணு
செல்வி