ஒத்தாசைக்குப் போனவர்

டிசம்பர் 9, செவ்வாய், இரவு 11.40. இன்று நட்ட கம்பங்கள் பதினொன்று.

தங்கச்சிமடத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. செபஸ்தியான் அண்ணன் வீட்டிலும் விளக்கு எரிகிறது. புயலில் படகு உடைந்ததால் என் ஒப்பந்தக் குழுவில் கம்பத்துக்குக் குழி தோண்ட வந்தவர். போன வாரம் கம்பம் சரிந்து விழுந்ததில் இறந்துபோனார்.

புயல் ஓய்ந்த பிறகு இறந்ததால் அது புயல் சாவு இல்லை என்று நிவாரண அலுவலகம் கைவிரித்தது. தங்கள் ஆள் இல்லை என்றது மின்சார அலுவலகம். மிச்சமிருந்தது தொழிலாளர் அலுவலகம். இன்று அவர் மனைவி ஜெனோவா அக்காவை அங்கே கூட்டிப்போனேன். இரண்டு கேள்வியில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

“கூலிக்குத்தானேம்மா போனாரு?” என்று அதிகாரி கேட்டார்.

“கூலிக்கா? சொந்தப் படகு வச்சிருந்தவரு சார். ஊருக்குக் கரண்டு வரணுமேன்னு ஒத்தாசைக்குப் போனாரு.”

“ஒத்தாசைக்குப் போனா தொழிலாளி இல்லம்மா. நஷ்டஈடு கெடைக்காது.”

நான் குறுக்கிட்டேன். “அக்காவுக்குத் தெரியாது சார். தினமும் என்கிட்ட கூலி வாங்கினாரு.”

“செத்த மனுசனக் கூலிக்காரனாக்காதீக தம்பி. மீன் பாக்கி வசூலாச்சுன்னு சொல்லித்தான் எங்கிட்ட காசு குடுத்தாரு.”

“ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு நாளைக்கு வாங்க” என்றார் அதிகாரி.

திரும்பும்போது பஸ் பாம்பன் பாலத்தில் ஏறியதும் அக்கா, “தினமுமா வாங்குனாரு?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நாளை:

1. கூட வேலை பார்த்த இரண்டு பேரைச் சாட்சிக்கு அழைத்துப்போக வேண்டும்.
2. அக்கா வர மறுத்தாலும் கூட்டிப்போக வேண்டும். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.
3. கூலிக்குத்தான் போனார் என்று அக்கா சொல்லும்போது நான் வெளியே நிற்க வேண்டும்.