ஹெல்மெட் போட்ட மாப்பிள்ளை பொம்பிளை

ஞாயிறு இரவு, கிளிநொச்சி

எங்கள் கல்யாண அழைப்பிதழில் குத்துவிளக்குக்குப் பதிலாக எங்கள் இருவருக்கும் பிடித்த சினிமாப் படத்தின் விண்வெளிக் கப்டனையும் அவன் காதலியையும் போட்டது என் யோசனை. படத்தை ஒட்டி வந்த சித்திரப் புத்தகத்தில் அவர்கள் கல்யாணம் கட்டுகிறார்கள்.

இன்று, நான் கட்டப்போகும் வினோதினியோடு வவுனியாவில் அந்தப் படத்தின் புதிய பாகம் பார்த்தேன். அதில் இருவரும் அண்ணன் தங்கை.

வெளியே வந்ததும் கேட்டாள்: "அப்ப எங்கட கார்ட்டில நிக்கிறது ஆர்?"

"புத்தகத்தில கட்டினவைதானே. அது காணும்."

"புது பிளான் வந்தால் பழைய பிளான் செல்லாது எண்டு வீடு கட்டுற இடத்தில மேசன்மாரை ஏசுறது நீங்கள்தானே? பெரியம்மாவின்ர பெடியள் நாளைக்கே படம் பாப்பாங்கள். இந்தக் கார்ட்டை எங்கட ஆக்களுக்குக் குடுக்கேலாது."

திரும்ப அச்சடிக்க நாள் இல்லை.

வீட்டுக்கு வந்து, கொடுக்காமல் மிஞ்சிய நூற்று நாற்பது அழைப்பிதழிலும் இரண்டு முகங்களையும் மூடிக் கறுப்புப் பேனையால் ஹெல்மெட் கீறத் தொடங்கினேன். முதலாவதைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

இப்போதுதான் பதில் வந்தது: "ஆரெண்டே தெரியேல்லை. சரி, கட்டலாம்."

இன்னும் எண்பது கிடக்கிறது. கை நோகிறது. கல்யாணம் முடியும்வரை அவர்கள் அடுத்த பாகம் எடுக்காமல் இருந்தால் போதும்.