ஊட்டு வண்டியில் பீமிலிக்கு

இன்று காலை பூந்தமல்லியில், மெட்ரோ வேலைக்காகச் சாலையைச் சுருக்கி வைத்திருக்கும் இடத்தில், எனக்கு முன்னால் நின்ற லாரி கிளட்சைத் தீய்த்துவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் ஹெல்மெட்டைத் தூக்கி நன்றாக இழுத்து மோந்தேன். பக்கத்து வண்டிக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு என்ன தெரியும்? நான் அப்போது அனந்தகிரி மலையில், பனிக்குள், உன்னோடு இருந்தேன், நண்பா.

மண்ணூர்பேட்டைப் பட்டறையில் எத்தனை வேனுக்குள் நீ கட்டில் அடித்து, அடுப்பு வைத்து, தண்ணீர்த் தொட்டி பொருத்தியிருப்பாய்! வசதியானவர்கள் அதை ஏதோ இங்கிலீஷ் பேரில் கேட்டு வருவார்கள். உனக்கு அது ஊட்டு வண்டி, வீட்டையே ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. ஒன்றில்கூட நீ படுத்துத் தூங்கியதில்லை. நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகுதான் ஒரு பழைய வேனை உனக்கென்று கட்டினாய். வடக்கே ஆந்திராவில் ஒரு ஆறு மலைக்குகைக்குள் ஓடி, பீமிலி என்ற பழைய துறைமுகப் பட்டணத்தில் கடலில் சேர்கிறதாம். அதைத் தலை முதல் கால் வரை பார்க்க வேண்டும் என்றாய்.

கிளம்பும்போது உன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணா, உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு. அவரு கைல ஸ்டேரிங்க குடுக்கக் கூடாது. நெஞ்சு தாங்காதுன்னு டாக்டரு சொல்லிகீறாரு." பண்ணினேன். என் வாழ்நாளில் நான் ஏறிய பெரிய மலை அம்பத்தூர் மேம்பாலம்தான் என்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

பத்தாவதில் கிழக்குத் தொடர்ச்சி மலை என்று எழுதி ஒரு மார்க் வாங்கியவன் நான். அந்த ஒரு மார்க் மலை, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு இப்படி எழுந்து நிற்கும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அனந்தகிரியில் பாதி மலை ஏறுவதற்குள் பனி இறங்கியது. வண்டியின் மூக்குக்கு முன்னால் நாலடிக்கு மேல் தெரியவில்லை. அரைக் கிளட்சிலேயே பிடித்துப் பிடித்துத் தீய்த்து, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் நின்றே விட்டேன்.

"இன்னா மாமே, இங்கியே குடி வந்துட்டியா?"

"என்னால முடியாதுடா. வளைவு எங்க கீதுன்னே தெரில."

"நவுரு, நான் ஓட்றேன்."

"பொண்ணு மேல சத்தியம் பண்ணிகீறேன்டா!"

"இன்னான்னு? ஸ்டேரிங்க குடுக்கக் கூடாதுன்னுதான?" சிரித்துக்கொண்டே இறங்கினாய். கழுத்திலிருந்த மஞ்சள் துண்டை உருவி, பட்டறைக்குள் வண்டியைக் கை காட்டி உள்ளே விடுவது போலவே என்னைப் பார்த்தபடி பின்னோக்கி ஏறினாய். "வா... வா... ரைட்ல ஒட்ச்சி... அப்டியே வா..." பள்ளம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாமல் நான் துண்டைப் பார்த்து ஓட்டினேன். நான்கு வளைவுகள். சத்தியத்தை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றிக்கொண்டு, ஸ்டென்ட் வைத்த மனுஷனை மலையில் நடக்கவிட்டிருக்கிறேன் என்பது நான்காவது வளைவில்தான் இந்த மண்டையில் உறைத்தது.

வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தேன். நீ ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்திருந்தாய். எனக்கு உயிரே போய்விட்டது.

"டேய், நெஞ்சு இன்னாடா பண்ணுது?"

"அது ஓடிகினுதான் கீது. கண்ணுதான் நின்னு பூட்ச்சி. அங்க பாரு."

பனி கிழிந்திருந்தது. மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னாலும் மலை. பச்சை நீலமாகி, நீலம் சாம்பலாகி, எது மலை எது வானம் என்று தெரியவில்லை. தூரத்தில் ஒரு ரயில் ஒரு குகையிலிருந்து வந்து, எறும்பு வரிசை போல அடுத்த குகைக்குள் போனது. நீ நகர்ந்து கல்லில் எனக்கும் இடம் கொடுத்தாய்.

அன்றைக்கே பொர்ரா குகையில் அந்த ஆற்றின் சத்தத்தைப் பாறையில் காது வைத்துக் கேட்டாய். இரண்டு நாள் கழித்துப் பீமிலி. கப்பலோடு போட்டோ எடுக்க இஸ்திரிச் சட்டை போட்டு வந்த நான், துறைமுகம் எங்கே என்று கேட்டேன். மீன்காரர் சிரித்துக்கொண்டே வெறும் மணலைக் காட்டினார். டச்சுக்காரர்களின் கப்பல்கள் நின்ற கரையில் மீன்பிடிப் படகுகள். அவர்களில் ஊர் திரும்பிப் போகாதவர்களின் கூம்புக் கல்லறைகள். அதற்கு அப்பால் நம் ஆறு அலட்டல் இல்லாமல் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் நின்று ஆற்றைக் காட்டிச் சொன்னாய்: "மாமே, இவரு நமக்கு முன்ன வந்துட்டாரு பாரு. பிரேக்கும் புடிக்கல, கிளட்ச்சும் தீய்க்கல."

அடுத்த ஆடியில் நீ போய்விட்டாய். காரியம் முடிந்து உன் மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். "சத்தியத்த மீறலம்மா. ஆனா அவன மலைல நடக்க வுட்டேன்."

"தெரியும்ண்ணா. வந்த அன்னிக்கே தெரு பூரா சொல்லிகினு திரிஞ்சாரு, உன்ன மலை ஏத்திவுட்டேன்னு. ஆஸ்பத்திரிலருந்து வந்தப்பறம் அன்னிக்குதான் அவரு பழையபடி நெஞ்ச நிமித்தினு நடந்தாரு." அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்த நடை உன் நாளைக் குறைத்ததா, கூட்டியதா? இது ஒரு மார்க் கேள்வி இல்லை. ஆனால் நீ கை காட்டிய பக்கம் நானும் பார்த்தேன். அவ்வளவு பெரியதை நான் ஒருத்தன் மட்டும் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்றுதானோ என்னவோ, இரண்டு பேராகப் போனோம். இப்போது சாட்சிக்கு நான் ஒருத்தன்தான் மிச்சம்.