கன்னியாகுமரி வரைக்கும் கடல் இடது கைப்பக்கம்

சௌந்திரம், இதில் இருப்பதெல்லாம் சத்தியம். அடுப்பின் மேல் கை வைத்துச் சொல்கிறேன், அணைந்த அடுப்புதான்.

நீ கோயிலிலிருந்து வருவதற்குள் நாகப்பட்டினம் போகிற முட்டை லாரியில் ஏறியிருப்பேன். அங்கிருந்து கடலை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டே நடந்தால் கன்னியாகுமரி. "இந்த வயசுல கடலோரம் நடக்கறதுக்கு நீங்க என்ன நண்டுங்களா?" என்று போன வாரம், பேசிக்கொண்டிருந்தபோது கேட்டாய். நண்டு பக்கவாட்டில் போகும். நான் நேராகப் போவேன். மோகனூர் ஆற்று மணலில் நடந்து பழகினபோது, எனக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு நாய்கள் படுத்துவிட்டன. நான்தான் தண்ணீர் வைத்து எழுப்பிவிட்டேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்று. மோட்டார் ரூம் சாவி ஆணியில் தொங்குகிறது. கோழித் தீவனம் வந்தால் பக்கத்துத் தோட்டத்து சபரிநாதனைக் கூப்பிடு, நீ மூட்டை தூக்காதே.

கோபத்தில் போகவில்லை. நீ பேசாத வீட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்த அலுப்பு, கன்னியாகுமரி வரை நடந்தாலும் வராது.

மறந்துவிட்டேன்: ரசம் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு.

இன்னும் ஒன்று: பையை வாசல்படி தாண்டித் தூக்க முடியவில்லை, உள் அறையில்தான் படுத்திருக்கிறேன், நீ வாய் திறந்து கூப்பிடாமல் எழுந்திருக்கப் போவதில்லை.