எண் இல்லாத கிளட்ச்

ஜூன் 8, ஞாயிறு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, இந்த வரியோடு மூடி எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அண்ணா, நீயாக இருந்தால் உன் காலில் விழுகிறேன். அப்பாவிடம் காட்டாதே.

அப்பாவின் புல் வெட்டும் மெஷினை நான் கெடுத்துவிட்டேன்.

அண்ணனைத்தான் ஓட்டச் சொல்வார். அவன் கொட்டாவி விடுவான். நான் கேட்டால், "உனக்கு எதுக்கு அது, போய்ப் படி." இன்று எல்லோரும் பெரியப்பா வீட்டுக்குப் போனார்கள். பரீட்சை என்று சொல்லி நின்றுகொண்டேன். மெஷினைத் தோளில் மாட்டிக் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் ஓடியது. எவ்வளவு சந்தோஷம்! பிறகு பிளேடு கொடியில் சிக்கி நின்றது. இன்னும் ரேஸ் கொடுத்தால் அறுத்துவிடும் என்று நினைத்து அழுத்திக்கொண்டே இருந்தேன். இன்ஜின் கத்தியது, பிளேடு அசையவில்லை. புகை, கருகல் நாற்றம். கடைசியில் உள்ளே டக்கென்று ஒரு சத்தம்.

மழை விட்டுவிட்டது. 16ஆம் தேதி திங்கள் முதல் அப்பா வேலைக்குப் போகப்போகிறார். கூலிக்குப் புல் வெட்டுகிறவர், அந்த மெஷின்தான் அவர் வேலை.

ஜூன் 9, திங்கள்

அம்மா கடைக்குப் போன நேரத்தில் கழற்றினேன். நாலு ஸ்க்ரூதான். உள்ளே பிறை மாதிரி இரண்டு கட்டைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் கட்டைகள் விரிந்து வெளியே உள்ள கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும், கிண்ணம் பிளேடைச் சுற்றும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் கட்டைகளை உள்ளே இழுத்துவிடும், பிளேடு நின்றுவிடும். இதுதான் கிளட்ச். பார்த்ததுமே புரிந்தது. எனக்கு எதுக்காம்!

கட்டைகள் கருகியிருந்தன. ஸ்பிரிங் இரண்டு துண்டு.

வேறு வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் எது? திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண் இல்லை, எழுத்து இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. மெஷினிலும் பெயர் கிடையாது. அப்பா பழையதாக வாங்கிப் பச்சை பெயின்ட் அடித்துவிட்டார். ஊர் பேர் தெரியாத சனியன்.

ஜூன் 10, செவ்வாய்

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் அதைத் தொடக்கூட இல்லை. எந்தக் கம்பெனி என்றார். எந்த மாடல், எத்தனை சிசி என்றார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்றேன்.

"பேரு தெரியாது, ஊரு தெரியாது, மாப்பிள்ளைய மட்டும் பாத்துக் குடுன்னா எப்படிம்மா? அளவாவது கொண்டா. இல்லன்னா அப்பாவ வரச் சொல்லு."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவ வரச் சொல்லணுமாம். நல்லா சொன்னாரு.

ஜூன் 11, புதன்

ஆய்வகத்தில் வெர்னியர் அளவி கொடுத்து இரும்புக் குண்டை அளக்கச் சொன்னார்கள். நான் டிபன் பாக்ஸிலிருந்து கிளட்சை எடுத்து மேசைக்கு அடியில் அளந்தேன். டீச்சர் பார்த்துவிட்டார். டிபன் பாக்ஸை மட்டும்தான் பார்த்தார், நல்ல வேளை. "மத்தியானச் சோத்த அளந்துதான் திங்கிறியா?"

கட்டைகளின் குறுக்களவு 73.2 மில்லிமீட்டர்.

சாயங்காலம் கடைக்கு ஓடினேன். அந்த அளவில் கிளட்சே கிடையாது என்கிறார்.

ஜூன் 12, வியாழன்

மூன்று தடவை அளந்தாயிற்று, 73.2 தான். அப்படி ஒன்று இல்லையென்றால் இது என்ன, வானத்திலிருந்து விழுந்ததா?

ஜூன் 13, வெள்ளி

மக்கு, மக்கு, மக்கு! தேய்ந்துபோனதை அளந்துகொண்டிருக்கிறேன். புதிதாக இருந்தபோது இது இன்னும் பெரிதாகத்தானே இருந்திருக்கும்? கிண்ணம் அவ்வளவாகத் தேயவில்லை. கவராயத்தை உள்ளே விரித்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். 78. அப்படியானால் கட்டைகள் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

கடைக்காரரிடம் போக மனமில்லை. பள்ளிக்குப் பின்னால் பம்ப் செட் ரிப்பேர் செய்பவரிடம் போனேன். கரிக்கை என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். ஒரு தகர டப்பா நிறையப் பழைய கிளட்சுகளை என் முன்னால் கொட்டினார். "எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி. உன்னுது எதுன்னு நீயே தேடிக்க." ஒரு மணி நேரம் தேடினேன். ஒன்று 76 இருந்தது. போல்ட் ஓட்டைகளும் அச்சு அசலாகப் பொருந்தின. சும்மா எடுத்துப் போகச் சொன்னார்.

ஜூன் 14, சனி

வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மாட்டி ஓட்டினேன். பிளேடு சுற்றியது! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ரேஸை விட்டேன். பிளேடு நிற்கவில்லை.

இன்ஜின் மெதுவாகத்தான் ஓடியது, ஆனாலும் பிளேடு சுற்றிக்கொண்டே இருந்தது. திருகாணியைத் திருகி இன்னும் வேகத்தைக் குறைத்தால் இன்ஜினே அணைந்துவிடுகிறது. அணைத்துவிட்டு, கிளட்சைக் கழற்றி ஸ்பிரிங்கை விரலால் இழுத்துப் பார்த்தேன். தொளதொளவென்று வருகிறது. அகலம், ஓட்டை எல்லாம் அளந்தேனே, ஸ்பிரிங்கின் இறுக்கத்தை எதை வைத்து அளப்பது? இது வேறு ஏதோ மெஷினுடையது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். பிளேடில் புல் சுற்றிக்கொண்டால் இன்ஜினை அணைக்க மாட்டார். ரேஸை விட்டுவிட்டுக் குனிந்து கையாலேயே பிய்த்து எறிவார். பிளேடு நின்றிருக்கும் என்கிற நம்பிக்கைதான். எப்போதும் நின்றிருக்கிறதே.

ஐயோ.

ஜூன் 15, ஞாயிறு

கரிக்கையின் கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. அப்பா மெஷினைத் துடைத்துப் பெட்ரோல் ஊற்றினார். சாப்பிடும்போது சொல்லிவிட வேண்டும் என்று நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் தண்ணீர்தான் கேட்டேன். "என்னடி, ஒட்டகமா நீ?" என்றான் அண்ணன்.

எல்லோரும் படுத்த பிறகு போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அது இல்லாமல் இன்ஜின் கிளம்பாது.

ஜூன் 16, திங்கள், விடியவில்லை

வாசலில் கயிறு இழுக்கும் சத்தம். இதுவரை ஒன்பது தடவை. பாவம் அப்பா.

இப்போது சத்தம் இல்லை. பிளக் இருக்கும் இடத்தைப் பார்த்திருப்பார்.

பிளக்க ஒளிச்சு என்ன ஆகப்போகுது? கடை திறந்ததும் வேற வாங்கிடுவார். மெஷின் ஓடும். ஏதோ ஒரு இடத்துல குனிவார். நான் வகுப்புல உக்காந்திருப்பேன்.

அடிச்சா அடிக்கட்டும். அப்பா கைய விடவா அது பெருசு?

கதவைத் தட்டுகிறார். "பாப்பா, முழிச்சிருக்கியா?"

வரேன்ப்பான்னு சொல்லிட்டேன். பிளக் கையிலதான் இருக்கு. முதல்ல எதச் சொல்றது, புகை வந்ததையா, ஸ்பிரிங்...